மரியரட்ணம் செய்த மறைபரப்பு

ஸ்காபரோவில் ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது. மஃபின் தொழிற்சாலையில் வேலை செய்யும் மரியரட்ணம் ஆபிரிக்காவில் முந்நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் என்பதுதான் அந்தக் கதை.

முந்நூறு என்பது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர்கள் சொன்ன தொகை. அதே பிளாசாவில் நாலு கடை தள்ளி வீடியோக் கடைக்குள் போனால் அது நானூறு. தலைமயிர் வெட்டுகிற இடத்தில் அந்த ஊர்த் தலைவரும் அவருடைய மூன்று பெண்சாதிமாரும் சேர்ந்துவிட்டார்கள். பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் போனவர்களிடம் போய்ச் சேர்ந்த கதை வீட்டின் அளவுக்கு ஏற்றபடி தானும் பெருத்திருந்தது. அங்கே மரியரட்ணத்தை ஒரு முதலை துரத்தியது. அவர் செபமாலையைத் தூக்கிக் காட்ட, அது வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

முதலையை விட்டுவிடலாம். ஞானஸ்நானத் தொகையே இடிக்கிறது. கத்தோலிக்கரிடையே ஞானஸ்நானம் கொடுப்பது குருவானவரின் வேலை. சாகக் கிடக்கிற ஆளுக்குக் குரு கிடைக்காத அவசரத்தில் மட்டும் மற்றவர் யாரும் தண்ணீர் ஊற்றலாம். அப்படிப் பார்த்தால் மரியரட்ணத்தின் முன்னால் முந்நூறு பேர் வரிசையாகச் சாகக் கிடந்திருக்கவேண்டும். தொகை கூடிக்கொண்டு போவதைப் பார்த்தால், ஒருவரும் பிறகு சாகவும் இல்லை.

கதையைத் தொடக்கியவர் ஆர் என்று தேடிக்கொண்டு பின்னால் போனால், பார்க்டேலில் ஒரு சுவரில் போய் முட்டவேண்டியிருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு படம் இருந்தது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் மரியரட்ணம் ரொறன்ரோவில் இறங்கினார். பார்க்டேலில் இரண்டு அறையில் ஏழு பேர் இருந்த ஓர் அப்பார்ட்மென்டில் எட்டாவது ஆளாகச் சேர்ந்து, ஒரு மெத்தையில் பாதியைப் பெற்றுக்கொண்டார். அந்தப் பாதிக்கு நேர்மேலே, கொண்டுவந்த ஒரே புகைப்படத்தைச் சுவரில் ஒட்டினார். சுண்ணாம்பு பூசிய மண்கோவில் ஒன்று. அதன் முன்னால் இருபது, இருபத்தைந்து ஆபிரிக்கப் பிள்ளைகள். நடுவில், முழங்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கியும் கையில் சிலுவைக் கோலுமாக மரியரட்ணம்.

மெத்தையின் மற்றப் பாதிக்குச் சொந்தக்காரனான இக்னேசியஸ் அன்றிரவே கேட்டான்.

"அண்ணை, உதிலை நிக்கிறது நீங்களோ?"

"ஓம்."

"சுவாமியாரா இருந்தனீங்களோ?"

"சீச்சீ. சும்மா உதவிக்கு."

"எங்கை?"

"ஆபிரிக்காவிலை."

"எப்ப?"

மரியரட்ணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "முந்தி," என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் முந்நூறு பேரும் முதலையும் பிறகு முளைத்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேறு சொல் இருக்கவில்லை. காரணம், அன்று காலையில்தான் அவர் இரத்தினவேலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

இரத்தினவேல் சட்டத்தரணி அல்லர். ஆனால் பார்க்டேலில் இருந்த சட்டத்தரணிகளுக்கு அவர் இல்லாமல் கை ஓடாது. அகதிக் கோரிக்கை வைப்பதைக் கேஸ் அடிப்பது என்று எங்கள் சனம் சொல்லும். கேஸ் அடிப்பவர்களின் கதையைத் தமிழில் கேட்டு இங்கிலிசில் எழுதிக் கொடுப்பது அவர் தொழில்.

"எப்பிடி வந்தனீர்?" என்று கேட்டார் இரத்தினவேல்.

மரியரட்ணம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினார். கொழும்பு, சிங்கப்பூர், லாகோஸ், அங்கிருந்து லொறியில் கானா, கானாவில் பதினொரு மாதம். இரத்தினவேல் பேனையை மூடினார்.

"பதினொரு மாசமோ? அங்கை உம்மை ஆரும் அடிச்சவங்களோ?"

"இல்லை."

"பிடிச்சு அடைச்சவங்களோ?"

"இல்லை. சாப்பாடு தந்தவங்கள்."

"அதுதான் பிரச்சினை. சாப்பாடு தந்த நாட்டிலை ஏன் கேஸ் அடிக்கேல்லை எண்டு கேப்பாங்கள். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ. ஒரு ஏஜென்சி, ஒரு கிழமை. எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுறனான்."

"எல்லாருக்குமோ?"

"நீர் என்ன, தனி றோட்டுப் போட்டு வந்தனீரோ?"

இப்படியாக மரியரட்ணத்தின் பதினொரு மாதம் காகிதத்தில் இருந்து மறைந்தது. அந்தக் காலம் முழுக்க அவர் கொழும்பில் ஒளிந்திருந்தார் என்று எழுதப்பட்டது. ஆபிரிக்காவில் அவர் நின்றது எப்போதாவது இருக்கலாம், எண்பத்தெட்டில் மட்டும் இருக்கக்கூடாது. ஆகவே, முந்தி.

உண்மையில் நடந்தது இதுதான். ஏஜென்சிக்காரன் ஏழு பேரை டோகோ எல்லைக்குக் கிட்ட அமெகோப்பே என்ற ஊரில் லொறியில் இருந்து இறக்கி, "ரெண்டு நாளிலை ரிக்கற்றோடை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஊர்க் கோவிலுக்கு மாதத்தில் ஒரு முறைதான் குருவானவர் வருவார். மற்ற நாட்களில் கோவிலை நடத்தியவர் உபதேசியார் கோஃபி. நெட்டையான ஆள், குரல் அவரைவிட நெட்டை. பள்ளிக்கூடத்துச் சாமான் அறையை ஒதுக்கி ஏழு பேரையும் படுக்கவைத்தார். எந்த வீட்டில் எந்த நாள் சாப்பாடு என்று ஊருக்கு முறை போட்டுக் கொடுத்தார். இவ்வளவுக்கும் அவர் கேட்டது ஒன்றுதான். விடிய ஐந்து மணிக்கு, மாமரத்தில் தொங்குகிற பழைய லொறி றிம்மில் அவர் இரும்பால் தட்டும்போது ஏழு பேரும் செபத்துக்கு எழும்பி வரவேண்டும். ஏழில் இரண்டு பேர் சைவர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் வரவேண்டும் என்றார் கோஃபி. அந்த இருவரில் ஒருவர் அடுப்புச் சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு, முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து, மற்ற எல்லாரையும் விட உரத்துப் பாடினார்.

மரியரட்ணம் குருநகரில் பிறந்த கத்தோலிக்கர். நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் கோவிலுக்குப் போகிற வகை. செபமாலையில் முதல் பத்து மணிக்குப் பிறகு வாயை மட்டும் அசைப்பார். கோஃபி முதல் நாளே அதைக் கண்டுபிடித்துத் தனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்திவிட்டார். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக ஒவ்வொரு வழியால் கழன்று போக, மரியரட்ணம் கடைசி ஆளாக மிஞ்சினார். பதினொரு மாதத்தில் முழுச் செபமாலையையும் அந்த ஊர்ப் பாஷையிலேயே பாடமாக்கினார். கோவிலுக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தார். குருத்தோலை ஞாயிறு அன்று அங்கி மாட்டிச் சிலுவை தூக்கினார். சுவரில் இருந்த படம் அதுதான்.

விசாரணை முடிவு: மரியரட்ணம் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் பூச்சியம். அமெகோப்பேயில் அந்த வருடம் வேதத்துக்குத் திருப்பப்பட்ட ஆள் ஒன்று, பெயர் மரியரட்ணம்.

இதைச் சொல்லிவிட்டால் கதை அத்தோடு முடிந்துவிடும். சொல்ல முடியாததுதான் அவர் சீவியம். கேஸ் வென்று, அடையாளக் காகிதங்களுக்கு அலைந்து, நிரந்தர வதிவிடம் கிடைக்கவே தொண்ணூற்றைந்து ஆகிவிட்டது. அவருடைய மனைவி கிளடிசும் மகள் மெலிசாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர் புறப்படும்போது மெலிசாவுக்கு இரண்டு வயது; இப்போது பத்து. அவர்களுடைய பைல் கொழும்புத் தூதரகத்தில் ஒரு மேசையில் இருந்தது. எந்த நாளும் நேர்முகத்துக்குக் கூப்பிடலாம். கணவர் எப்படிப் போனார் என்று கேட்டால் கிளடிஸ் மூன்று ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். மூன்றையும் அவள் பாடமாக்கியிருந்தாள். கானாவிலிருந்து அவர் போட்ட கடிதங்களை அவர் சொன்னதன் பேரில் அவளே அடுப்பில் வைத்துவிட்டாள்.

தூதரகத்தில் ஆர் கேட்கப்போகிறார்கள் என்று சிரிக்கலாம். மரியரட்ணம் பயந்தது தூதரகத்துக்கு இல்லை. எங்கள் சனத்தில் மொட்டைக் கடிதம் எழுதுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. முத்திரைக் காசும் சொந்தக் காசு. மஃபின் தொழிற்சாலையில் அவரோடு நின்ற ஒருவருக்கு, மனைவி விமானம் ஏற நாலு நாள் இருக்கையில் தூதரகத்துக்கு ஒரு கடிதம் போய், இரண்டு வருடம் பைல் தூங்கியது.

இந்த நிலையில்தான் கோவிலில் கொமிற்றி அமைத்தார்கள்.

அவர் போகிற ஸ்காபரோக் கோவிலின் பங்குத் தந்தை பாதர் டெனிஸ் கனடாக்காரர். தமிழ்ச் சனத்தில் அவருக்கு நல்ல பட்சம். மேற்கு ஆபிரிக்கக் கிராமம் ஒன்றுக்கு ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை தொண்டர்களாக அனுப்பி, பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ற் அடித்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. செயலாளர் அருள்நாயகம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், இங்கே ஒரு கட்டடத்துக்குக் காவல். கூட்டக் குறிப்பு எழுதாத நாளில் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. செபக் குழுவுக்குத் தலைவி எமில்டா. முதியோர் இல்லத்தில் சமையல், அறுபது வயது. தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு போக அனுபவமுள்ள ஒருவர் வேண்டும் என்று பாதர் சொல்ல, கொமிற்றியில் இருந்த மற்ற ஆறு பேரின் பன்னிரண்டு கண்ணும் மரியரட்ணத்தில் போய் விழுந்தது.

"அண்ணை, நீங்கள் ஊழியம் செய்த ஊரின்ரை பேர் என்ன?" அருள்நாயகம் பேனையோடு கேட்டார்.

ஆபிரிக்கா முழுவதிலும் மரியரட்ணத்துக்குத் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்று. பொய்க்கு ஒரு ஊரை உடனே உண்டாக்கும் கெட்டித்தனம் இருந்திருந்தால் அவர் ஏன் மஃபின் அடுக்குகிறார். "அமெகோப்பே," என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.

பாதர் டெனிஸ் அடுத்த நாளே அந்த ஊர்க் கோவிலுக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம் மரியரட்ணம் சுவரோடு பேசுகிற நிலைக்கு வந்தார். தலைவராகப் போனால், லொறியில் வந்து இறங்கிய ரட்ணம் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரே கூடி ஐந்து தொண்டர்களுக்கு முன்னால் கட்டிப்பிடிக்கும். போகமாட்டேன் என்றால், முந்நூறு பேரை விட்டுவிட்டு ஏன் போகவில்லை என்று ஸ்காபரோ கேட்கும். போனாலும் போகாவிட்டாலும் அங்கிருந்து ஒரு பதில் கடிதம் வரும். சனிக்கிழமை காலையில் கொழும்புக்கு எடுக்கும் ரெலிபோனிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால் அங்கேயும் கதை அவருக்கு முன்னால் போய் நின்றது.

"என்னப்பா, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்கோ," என்றாள் கிளடிஸ். "நீங்கள் பிறதர் ஆகிட்டீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"பக்கத்து அறை மனுசி. அவவின்ரை தங்கச்சி ஸ்காபரோவிலையாம். நீங்கள் ஆபிரிக்காவிலை துறவற வார்த்தைப்பாடு குடுத்திட்டு வந்தனீங்களாம், இப்ப திரும்பியும் போகப்போறியளாம்."

"விசர்க்கதை."

"அப்ப போகேல்லையோ?"

"போகச் சொல்லினம்."

"ஆர் சொல்லினம்?"

"கொமிற்றி."

"எட்டு வருசமா இஞ்சை ஒருத்தி லொட்ஜிலை கிடக்கிறாள். அதைப்பற்றிக் கொமிற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?"

ரெலிபோனில் கானா என்ற சொல் இருவருக்கும் தடை. அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் கேட்க முடியாது. அவருக்குச் சொல்லவேண்டும், ஆனால் சொல்ல முடியாது. "அந்த வெயில் ஊர்க் காலம்தான்... ஆக்கள் அதைப் பிழையா விளங்கி..." என்று அவர் இழுக்க, ரெலிபோன் கார்ட்டில் இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்று ஒரு பெண்குரல் வந்தது. மெலிசா ரிசீவரை வாங்கினாள்.

"அப்பா, இனி உங்களை அப்பா எண்டு கூப்பிடுறதோ, சுவாமி எண்டு கூப்பிடுறதோ?"

அவர் பதில் தேடி முடிக்க முன்னம் கார்ட் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் கடும் பக்தர். வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் ஒரு செபமாலை. அமெகோப்பேயில் இருந்து வரும் கடிதம் வழியில் தொலையவேண்டும் என்பதுதான் கருத்து. முழுச் செபமாலை அவருக்கு ஒரு பாஷையில்தான் வரும் என்பதால், அந்த ஊரார் சொல்லிக்கொடுத்த செபத்தாலேயே அந்த ஊராரின் கடிதத்துக்கு எதிராக மன்றாடினார்.

கேட்கப்படவில்லை. ஆனி மாதம் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து கோவில் பேஸ்மென்டில் ரோல்ஸும் ரீயுமாகக் கொமிற்றி கூடியபோது, பாதர் டெனிஸ் நீல உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இன்றைக்கு ஓர் அருமையான கடிதம்," என்றார். உபதேசியார் சொல்லச் சொல்ல ஊர் ஆசிரியர் நல்ல இங்கிலிசில் எழுதியிருந்தார். பாதர் எழுந்து நின்று, சுவிசேஷம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நீங்கள் விசாரிக்கும் மரியரட்ணம் அவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் தேதி அவரும் ஆறு நண்பர்களும் லொறியில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். விமானச் சீட்டுடன் வருவதாகச் சொன்ன ஒரு மனிதருக்காக அவர் பதினொரு மாதம் காத்திருந்தார். அந்த மனிதர் வரவில்லை, வேறொருவர் வந்தார். வந்த நாளில் அவருக்குச் செபமாலை முழுதாகத் தெரியாது. இன்று அவர் உங்கள் கோவிலில் மறைபரப்பாளராக மதிக்கப்படுகிறார் என்று அறிந்து எங்கள் சபை கைதட்டியது. எங்கள் ஊர் செய்த முதலாவது மறைபரப்பு அவர்தான் என்று எங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ற் அடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் போன வருடம் நாங்களே அடித்துவிட்டோம். ரொறன்ரோவில் உபதேசியார்களுக்குத் தட்டுப்பாடு இருந்தால் அறியத்தரவும், எங்களிடம் இரண்டு இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்."

அடியில், உபதேசியாரின் சொந்தக் கையால் ஒரு வரி. "ரட்ணத்திடம் சொல்லுங்கள்: என் கறுப்புச் சப்பாத்து. நான் இப்போதும் செருப்போடுதான் பவனியில் நடக்கிறேன்."

மரியரட்ணம் ரீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பயணத்தன்று, புது ஏஜென்சிக்காரன் அவருடைய காலைப் பார்த்து, இந்தச் செருப்போடு போனால் வியாபாரி என்று நம்பமாட்டார்கள், விமானம் ஏற முடியாது என்றான். கோஃபி உள்ளே போய், பெருநாளுக்கு மட்டும் போடுகிற சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்தார். மரியரட்ணத்துக்கு ஒன்பதாம் அளவு, அது எட்டு. ரொறன்ரோ வரைக்கும் விரல் மடங்கிக் கிடந்தது. போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார்.

இனி என்ன, ஒருவர் எழுந்து சிரிப்பார், மற்றவர் கேள்வி கேட்பார் என்று மரியரட்ணம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அருள்நாயகத்தின் பேனை தேதிக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றது. எமில்டா செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் நிலத்தில் போட்டிருந்த லினோலியத்தை அக்கறையாகப் படித்தார்கள். அந்த அறையில் இருந்த ஆறு தமிழரில் ஐந்து பேருடைய கேசை எழுதியவர் இரத்தினவேல். ஐந்து பேரும் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ. விமானச் சீட்டோடு வராத மனிதன் என்றால் ஆர் என்று அங்கே விளங்காத ஒரே ஆள் பாதர் டெனிஸ்.

"எவ்வளவு தாழ்மை," என்றார் பாதர். "இவ்வளவு காலம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அப்படியே அடுத்த ஞாயிறு அறிவித்தல் தாளில் போடப்போகிறேன். தேதிகளோடு, பெயரோடு. மறைமாவட்டப் பத்திரிகையும் கேட்கும்."

மரியரட்ணம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். பேசாமல் இருந்தால் புதன்கிழமை அச்சுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை எண்ணூறு பேர் கையில், எண்பத்தெட்டு பெப்ரவரி ஒன்பது. அதில் ஒரு கை கத்தரிக்கோல் எடுத்து, வெட்டித் தூதரகத்துக்கு அனுப்பும்.

அப்போது எமில்டா எழும்பினார்.

"பாதர்," என்றார் தன் சமையலறை இங்கிலிசில், "எங்கள் கலாசாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது."

கலாசாரம் என்ற சொல்லைக் கேட்டதும் பாதர் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவர் அதைப்பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவர்.

"புருசனும் பெண்சாதியும் பிரிந்து இருக்கும்போது, புருசன் செய்த புண்ணியத்தை எழுத்தில் போடக்கூடாது. பெண்சாதி வந்து சேரவேண்டும். அதுக்கு முதல் எழுதினால் பிரிவு நீளும்."

இப்படி ஒரு வழக்கம் யாழ்ப்பாணத்திலும் இல்லை, மன்னாரிலும் இல்லை, தீவுப்பகுதியிலும் இல்லை. முதியோர் இல்லத்தில் அறுபது பேருக்கு உப்பில்லாமல் சமைத்து, ருசி என்று நம்பவைக்கிற மனுசிக்கு அது ஒரு வேலையே இல்லை.

"இதை நான் அறிந்திருக்கவில்லை," என்றார் பாதர் எழுதிக்கொண்டே.

"குறிப்பாகத் தேதிகள்," என்றார் அருள்நாயகம். "தேதிகள் கண்டிப்பாகக் கூடாது."

மற்ற மூன்று பேரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். ஒருவர் தன் பெரியப்பாவுக்கு அப்படி எழுதப்போய் நடந்த அவலத்தைக்கூடத் தொடங்கினார். எமில்டா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பாதர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். திருமதி வரும் வரைக்கும் அது தன் மேசை லாச்சியில் இருக்கும், தலைவரின் பயணமும் அதுவரை தள்ளிப் போடப்படும் என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் எமில்டா மரியரட்ணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தினை மாசம்?"

"பதினொண்டு, அக்கா."

"என்ரை பெடியன் மொஸ்கோவிலை பதினாலு," என்றுவிட்டுக் காரில் ஏறினார். அதற்கு மேல் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வழக்கம் மட்டும் பேசப்பட்டது. பாதர் டெனிஸ் அதை மற்றக் கோவில் குருமாருக்கும் விளக்கினார். ஒரு வருடத்துக்குள், மனைவி இன்னும் கொழும்பில் என்பதால் பாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பையோடு படம் எடுக்க ஒருவர் மறுத்ததாகக் கேள்வி. எங்கள் அம்மா வழியிலும் இந்த வழக்கம் இருந்தது என்று சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் கிளடிசும் மெலிசாவும் வந்து சேர்ந்தார்கள். நேர்முகத்தில் கேட்டது இரண்டே கேள்வி, அதில் ஒன்றும் பயணத்தைப்பற்றி இல்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் நீல உறையோடு வாசலில் நின்றார்.

"திருமதி மரியரட்ணம், வழக்கம் நிறைவேறிவிட்டது. இனிப் போடலாம் இல்லையா?"

ஒன்பது வருட லொட்ஜ் வாழ்க்கையில் கிளடிஸ் இங்கிலிஸ் படித்திருந்தாள். எந்த வழக்கம் என்று கேட்டாள். பாதர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கோவில் முகட்டைப் பார்த்தார்.

"அதோடு முடியாது, பாதர்," என்றாள் அவள் நிதானமாக. "மனைவி வந்த பிறகு இருவரும் வந்த நாட்டில் பிரசையாகவேண்டும். அதுக்குப் பிறகுதான்."

பாதர் அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபடி கிளடிஸ் கேட்டாள். "ஆரப்பா உதைக் கண்டுபிடிச்சது?"

"எமில்டாக்கா."

"கெட்டிக்காரி. நான் ஒரு மூண்டு வருசம் கூட்டி விட்டிட்டன்."

மரியரட்ணம் கதிரையில் இருந்தார். மனைவி வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எட்டு வருடம் நினைத்திருந்தார். இப்போது பிரசாவுரிமைப் பைல். அது முடிய மாமியாரைக் கனடாவுக்கு எடுக்கவேண்டும் என்று கிளடிஸ் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். அது ஒரு பைல். ஒவ்வொன்றிலும் அந்த மூன்று ஊரையும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

"சப்பாத்தை மட்டுமாவது அனுப்பினால் என்ன?" என்று கேட்டார்.

"அனுப்புங்கோ. ஆர் வேண்டாம் எண்டது."

எட்டாம் அளவில் நல்ல கறுப்புத் தோல் சப்பாத்து ஒன்று வாங்கினார். தொண்ணூற்றெட்டுத் தை மாதம் தொண்டர்கள் ஐந்து பேரும் தலைவர் இல்லாமலே புறப்பட்டார்கள். மரியரட்ணத்துக்கு முதுகு நோ. அமெகோப்பேக்கு றோட்டுச் சரியில்லை என்று அருள்நாயகம் கொமிற்றிக்கு விளக்கி, இருபது மைல் தள்ளி வேறு ஊருக்கு மாற்றியிருந்தார். அவர்கள் புறப்பட முதல், கொடுத்துவிடச் சப்பாத்துப் பெட்டியோடு கோவிலுக்குப் போன மரியரட்ணத்தை அவர் வாசலிலேயே மறித்தார்.

"அண்ணை, யோசியுங்கோ. தொண்டரிலை உவன் யூட்சன் வீடியோக் கமராவோடை போறான். சப்பாத்தைக் கொண்டுபோய்க் குடுத்தால் அந்த மனுசன் கமராவுக்கு முன்னாலை நிண்டு, எத்தினையாம் ஆண்டு, எத்தினையாம் தேதி குடுத்தது எண்டு சொல்லுவார். தேதியிலை அவர் என்னைவிடக் கெட்டிக்காரன்."

மரியரட்ணம் பெட்டியோடு திரும்பி வந்தார்.

மாசிக் கடைசியில் பேஸ்மென்டில் வீடியோ போட்டார்கள். யூட்சன் கொமென்ற்றரி கொடுத்தான். இங்கே பிறந்தவன் இல்லை, ஆனால் நாக்கு இங்கே பிறந்ததுதான். பெயின்ற் அடிக்கும் தொண்டர்கள், பாட்டுப் பாடும் பிள்ளைகள், ஆட்டுக்குட்டி. பிறகு ஒரு வேப்பமர நிழலில், பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு நெட்டை மனிதர். தலை நரைத்திருந்தது. கமராவைத் தாண்டி வேறு ஆரையோ தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றார். காலில் ரப்பர்ச் செருப்பு.

"இவர் யார்?" என்று கேட்டார் பாதர்.

"I don't know, Father," என்றான் யூட்சன். பிறகு மரியரட்ணத்தின் பக்கம் திரும்பினான். "அங்கிள், இந்த ஆள் twenty miles சைக்கிள்ளை வந்தவர். ரொறன்ரோ ஆக்கள் வந்திருக்கினம் எண்டு கேள்விப்பட்டாராம். ரட்ணம், ரட்ணம் எண்டு ஆரையோ கேட்டவர். எங்களுக்கு விளங்கேல்லை. உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?"

எமில்டா ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அருள்நாயகம் குறிப்புப் புத்தகத்தில் எதையோ அடிக்கோடிட்டார். முன்வரிசையில் மெலிசா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் கிளடிஸ். திரையில் அந்த மனிதர் சைக்கிளைத் திருப்பினார்.

"தெரியேல்லைத் தம்பி," என்றார் மரியரட்ணம்.

"போகேக்கை ஏதோ shoes எண்டு சொன்னவர். நாங்கள் கொண்டுபோன சொக்ஸ் ரெண்டு சோடி குடுத்தனாங்கள். வாங்கேல்லை."

வீடியோ அடுத்த ஆட்டுக்குட்டிக்குப் போனது.

அன்று பின்னேரம் மரியரட்ணம் அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார். தபாற்கந்தோரில் எடுத்துவந்த சுங்கப் படிவம் மூடிக்குள் இருந்தது. அனுப்புபவர் பெயர், விலாசம், பொருள் என்ன, யாருக்கு, என்ன காரணம். பொருள் என்ற இடத்தில் மட்டும் எழுதி நிறுத்தியிருந்தார். கிளடிஸ் வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எவ்வளவு காலத்துக்கு வைக்கப்போறியள்?"

"உன்ரை அம்மாவின்ரை பைல் முடியட்டும்."

"அப்ப உள்ளுக்குக் கடுதாசி அடைச்சு வையுங்கோ. தோல் சுருங்கிப்போகும்."

அவர் நிலத்தில் இருந்து, கடை விளம்பரத் தாள்களை ஒவ்வொன்றாகக் கசக்கி, விரல் முனை வரைக்கும் போகும்படி அடைக்கத் தொடங்கினார். இடது சப்பாத்துக்கு நாலு தாள் போனது.